அவசர சிகிச்சைப் பிரிவில் வளரிளம் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை: தனியே பேசுவதில் தொடங்கி வீட்டுக்கு அனுப்புவது வரை

15 வயதுப் பெண். காலையிலிருந்து அடிவயிற்றில் வலி. கூடவே அம்மா. "கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்தது?" என்று பெண்ணைப் பார்த்துக் கேட்கிறோம். "போன மாசம் சரியா வந்துச்சு டாக்டர்" என்று அம்மா பதில் சொல்கிறார். பெண் கட்டில் விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கேஸ் ஷீட்டில் "மாதவிடாய் சீராக உள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி இது. தவறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிறுநீர்க் கார்டு கோடு காட்ட 3 முதல் 5 நிமிடம் போதும். கடினமான பகுதி அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது: யாருக்குச் செய்வது, எப்படிக் கேட்பது, முடிவை யார் காதில் முதலில் போடுவது. அதனால் இந்த வழிகாட்டியில் கார்டுக்குச் சில பத்திகள்தான். மற்றதெல்லாம் அந்தப் பெண்ணைச் சுற்றியே இருக்கும். டாக்டர்களையும் நர்ஸ்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பெற்றோர் படித்தாலும் பயன்படும்.

படி 1: யாருக்குச் செய்வது என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

"இவள் அப்படிப்பட்ட பெண் இல்லை" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. உடை, பள்ளிக்கூடப் பை, குடும்பத்தின் தோரணை ஆகியவற்றை வைத்துச் சிலரிடம் கேட்கிறோம், சிலரிடம் கேட்காமல் விடுகிறோம். கேட்கப்பட்டவளுக்கு அது அவமானம், கேட்காமல் விடப்பட்டவளுக்கு ஆபத்து. இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, வயதையும் தொந்தரவையும் மட்டும் பார்த்து எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்வது.

உங்கள் பிரிவில் எழுத்து வடிவில் விதி இல்லையென்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: மாதவிடாய் தொடங்கியவர்கள் அல்லது 12 வயது நிறைந்தவர்கள், இதில் எது முதலில் வருகிறதோ அது. அவர்களில் வயிற்று வலி, பிறப்புறுப்பில் ரத்தப்போக்கு, மயக்கம், விடாத வாந்தி, சிறுநீர் எரிச்சல், வலிப்பு, உயர் ரத்த அழுத்தத்தோடு தலைவலி, விபத்துக் காயம், மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியது, பாலியல் வன்முறை என எதற்காக வந்தாலும் பரிசோதனை உண்டு. வயிறும் இடுப்பும் படும் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், அறுவை சிகிச்சை, கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து ஆகியவற்றுக்கு முன்பும் உண்டு. மெத்தோட்ரெக்சேட், ஐசோட்ரெட்டினாயின், வால்ப்ரோயேட், வார்ஃபரின் போன்றவை அந்த மருந்துகள். விரல் நுனியில் கண்ணாடி கீறியதற்கு வந்தவளுக்கு இது தேவையில்லை. காரணமில்லாமல் கேட்டால் காரணத்தோடு கேட்கும்போதும் நம்பமாட்டார்கள்.

மாதவிடாய்க் கணக்கை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இருப்பதில்லை. நாள் தள்ளிப்போனால் "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று அந்தப் பெண்ணே நினைத்துக்கொள்வாள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் லேசான ரத்தக்கசிவையும் பீரியட்ஸ் என்று எண்ணிவிடுவாள். முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம் என்பதால், அரிதாக, ஒருமுறைகூடப் பீரியட்ஸ் வராத சிறுமியும் கருவுறலாம்.

அடிக்கடி விடுபடுகிறவர்கள் இரண்டு வகையினர். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெண்கள் ஒரு வகை. அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை, ஆனால் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். கருப்பை உள்ள திருநம்பிகள் இன்னொரு வகை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வது கருத்தடை ஆகாது.

படி 2: உயிருக்கு ஆபத்து என்றால் கார்டுக்காகக் காத்திருக்காதீர்கள்

வெளிறிப்போய், நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் இறங்கி ஒரு பெண் வந்தால், சிறுநீர்க் கோப்பையைக் கையில் கொடுக்கிற நேரம் அது இல்லை. ஊசிவழி போடும்போதே ரத்தம் எடுத்து, ரத்த வகையோடு எச்.சி.ஜி.யையும் (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன், கார்டு தேடுவதும் இதைத்தான்) சேர்த்து அனுப்புங்கள். கட்டில் பக்கத்திலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மகப்பேறு மருத்துவரை அப்போதே கூப்பிடுங்கள்.

விபத்திலும் இப்படித்தான். தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனால் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. 50 மில்லிகிரேவுக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே உள்ள அளவால் பிறவிக் குறைபாடுகள் கூடுவதாகத் தெரியவில்லை. வயிறும் இடுப்பும் சேர்த்து ஒருமுறை எடுக்கும் சி.டி. கூடப் பொதுவாக இந்த எல்லைக்குள்தான் நிற்கும். அம்மா பிழைத்தால்தான் கருவும் பிழைக்கும் என்பதால் தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 3: பெண்ணைத் தனியாகப் பாருங்கள்

இந்த வேலையில் எல்லாமே இந்த ஒரு படியில்தான் தொங்குகிறது. பெற்றோரை வெளியே அனுப்பக் கூச்சப்பட்டு இதைத் தவிர்க்கிறவர்கள் நிறையப் பேர். நான் சொல்லும் வாக்கியம் இது: "அம்மா, இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுறது எங்க வழக்கம். பத்து நிமிஷம் வெளியே உட்காருங்க, நானே வந்து கூப்பிடுறேன்." இதில் "எல்லார்கிட்டயும்" என்ற சொல் முக்கியம். தங்கள் மகளை மட்டும் சந்தேகப்படுகிறோம் என்ற எண்ணம் வராது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். சிலரிடம் மட்டும் செய்துவிட்டு எல்லோரிடமும் செய்வதாகச் சொன்னால், காத்திருக்கிற இடத்திலேயே குட்டு உடைந்துவிடும்.

திரைச்சீலை சத்தத்தை மறைக்காது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும். கதவுள்ள அறை கிடைத்தால் அங்கே பேசுங்கள். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போகும் வழி, எடை பார்க்கும் அறை என்று எதையாவது பயன்படுத்துங்கள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால் உறவினரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்விக்கு முன்பே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். "நீ சொல்றதை உன்னைக் கேட்காம வெளியே சொல்ல மாட்டேன்மா. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துறாங்கன்னாலோ, உன்னைக் காப்பாத்த நான் வேறு சிலர்கிட்ட பேச வேண்டியிருக்கும். அப்படி ஒண்ணு வந்தா முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்." எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் சட்டப்படி புகார் கொடுக்க நேர்ந்தால், அந்தப் பெண் இனி எந்த மருத்துவரையும் நம்பமாட்டாள்.

படி 4: கேட்கிற விதம்

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பதால் எதுவும் தெரியவராது. "தப்பு ஏதாவது பண்ணியா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். வீடு, பள்ளி, நண்பர்கள், தூக்கம் என்று எளிய கேள்விகளில் தொடங்கி மெல்ல நகர்ந்தால் பேச்சு வரும். அப்புறம் நேராகவே கேளுங்கள்: "இந்த வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க இந்த வயசுப் பெண்கள் எல்லார்கிட்டயும் இதைக் கேட்கிறேன். நீ யார்கூடவாவது உடலுறவு வச்சிருக்கியா? உனக்கு விருப்பமில்லாம யாராவது அப்படி நடந்துக்கிட்டாங்களா?" இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வன்முறைக்கு ஆளானவள் முதல் கேள்விக்கு "இல்லை" என்று உண்மையாகவே சொல்லக்கூடும், ஏனென்றால் அவள் மனதில் அது உடலுறவு இல்லை.

ஆம் என்றால் கடைசியாக எந்த நாளில், கருத்தடை ஏதாவது இருந்ததா, கடைசிப் பீரியட்ஸ் வழக்கம்போல வந்ததா அல்லது குறைவாகப் போனதா என்று கேளுங்கள். நாள் கணக்கை மணிக் கணக்காகவே எழுதிக்கொள்ளுங்கள், படி 9-இல் தேவைப்படும். இல்லை என்று சொன்னாலும் பரிசோதனை நிற்காது. அவள் பொய் சொல்கிறாள் என்று அதற்குப் பொருள் இல்லை. எல்லோருக்கும் செய்வது அவளுக்கும் செய்யப்படுகிறது, அவ்வளவுதான். அதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

கார்டில் சொட்டு விடுவதற்கு முன் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "ஒருவேளை இது பாசிட்டிவ்னு வந்தா, யார் உன் பக்கத்துல இருக்கணும்னு நினைக்கிறே? யாருக்குத் தெரிஞ்சா உனக்குப் பயம்?" முடிவு வந்தபின் கேட்டால் அதிர்ச்சியில் பதில் வராது. இதற்கு அவள் சொல்லும் பதிலிலிருந்தே வீட்டில் நிலைமை என்ன என்பது பாதி புரிந்துவிடும்.

படி 5: சம்மதம்

"சிறுநீர் டெஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கர்ப்பப் பரிசோதனையை மறைத்துச் செய்யாதீர்கள். என்ன பார்க்கிறோம், ஏன் பார்க்கிறோம் என்று அவளிடம் சொல்லி அவள் ஒப்புதலைப் பெறுங்கள். எந்த வயதில் அவளே சம்மதிக்கலாம், எப்போது பெற்றோர் கையெழுத்து வேண்டும், எந்த வயதுக்குக் கீழே கர்ப்பம் என்றாலே கட்டாயமாகப் புகார் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்துச் சட்டத்தைப் பணி நேரத்தில் நோயாளியை நிற்கவைத்துக்கொண்டு தேடாமல் முன்பே படித்து, ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் பயம்தான் இருக்கும், "அப்பாவுக்குத் தெரிஞ்சிடுமா?" என்பதுதான் அது. அதற்குப் பதில் கிடைத்தால் பலர் சம்மதித்துவிடுவார்கள்.

படி 6: மாதிரி எடுப்பதும் கார்டைப் படிப்பதும்

கார்டுக்குச் சில சொட்டுச் சிறுநீர் போதும். வயிற்றின் மேலிருந்து ஸ்கேன் பார்க்க நிரம்பிய சிறுநீர்ப்பை உதவும், ஆகவே "கொஞ்சமா எடுத்துட்டு மீதியை அடக்க முடிஞ்சா அடக்கும்மா" என்று முன்பே சொல்லுங்கள். கிளமிடியா, கொனோரியா ஆகிய பால்வினைத் தொற்றுகளைப் பார்க்க முதலில் வரும் சிறுநீர் வேண்டும், கிருமி வளர்ப்புக்கு நடுவில் வரும் சிறுநீர் வேண்டும். இரண்டும் தேவையென்றால் இரண்டு கோப்பைகள் கொடுங்கள். பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்றால் துடைக்காமல், கழுவாமல் வரச் சொல்லுங்கள், தடயம் அழியக் கூடாது. கோப்பையில் பெயரையும் பதிவு எண்ணையும் அவள் கண் முன்னாலேயே எழுதுங்கள். அவளே நர்ஸ் கையில் நேராகக் கொடுக்கட்டும், நடுவில் உறவினர் வாங்கிவர வேண்டாம்.

கார்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். குளிர்பெட்டியில் இருந்த மாதிரியோ கார்டோ அறை வெப்பத்துக்கு வரட்டும். உறையில் சொன்ன அளவு சொட்டு விட்டு, உறையில் சொன்ன நிமிடத்தில் படியுங்கள். கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அந்தக் கார்டு செல்லாது, புதிது எடுங்கள். மங்கலான கோடும் கோடுதான், பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொண்டு ரத்தத்தில் உறுதி செய்யுங்கள். நேரம் கடந்து, காய்ந்தபின் தெரியும் நிழலை வைத்து எதையும் சொல்லாதீர்கள்.

சிறுநீர் வரவில்லையென்றால் ரத்தம் எடுக்கலாம். இந்த ஒரு பரிசோதனைக்காக மட்டும் சிறுநீர்ப்பையில் குழாய் செருகுவது அந்த வயதுப் பெண்ணுக்குத் தேவையற்ற வேதனை.

படி 7: நெகட்டிவ் என்றால் எப்போதும் நெகட்டிவ் இல்லை

கரு கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கியபின்தான் எச்.சி.ஜி. ரத்தத்துக்கு வருகிறது. அது கருமுட்டை வெளிப்பட்டு 6 முதல் 12 நாட்களுக்குள் நடக்கும். வழக்கமான சிறுநீர்க் கார்டுக்கு மில்லிலிட்டருக்கு 20 முதல் 25 மில்லி சர்வதேச அலகு தேவை. ரத்தத்தில் அளவிடும் பரிசோதனை 5-ஐ ஒட்டிய அளவையும் பிடித்துவிடும். ஆகவே போன வாரம் உடலுறவு நடந்தவளுக்கு இன்று வரும் நெகட்டிவ், அந்தச் சம்பவத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. கடைசி உடலுறவிலிருந்து 3 வாரம் கழிந்தபின் வரும் நெகட்டிவை நம்பலாம்.

சலைன் ஏற்றியபின் எடுத்த, தண்ணீர் போன்ற சிறுநீரும் ஏமாற்றும். இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. சில வாரங்கள் கடந்த கர்ப்பத்தில், எச்.சி.ஜி.யின் உடைந்த துண்டு ஒன்று சிறுநீரில் மிகுந்து, எச்.சி.ஜி.யைப் பிடிக்கக் கார்டில் வைத்திருக்கும் எதிர்ப்பொருளை நிறைத்துவிடும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் (நஞ்சுத் திசு திராட்சைக் கொத்துப் போல மிகையாக வளரும் கோளாறு) எச்.சி.ஜி. லட்சக்கணக்கில் ஏறி இதே வேலையைச் செய்யும். இரண்டிலும் கோடு மங்கும் அல்லது வராமலே போகும். சந்தேகம் வலுவாக இருந்தால் கார்டோடு நிற்காமல் ரத்தம் அனுப்புங்கள், ஆய்வகத்துக்கு உங்கள் சந்தேகத்தையும் சொல்லுங்கள், மாதிரியை நீர்த்துப் பார்ப்பார்கள். கையை வயிற்றில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். 20 வாரக் கருப்பை தொப்புள் உயரத்துக்கு வந்திருக்கும். விட்டு விட்டு வரும் வயிற்று வலி என்று வந்தவள் பிரசவ வலியில் இருந்ததும் உண்டு.

பாசிட்டிவ் கோடு வந்தும் இப்போது கர்ப்பம் இல்லாமல் இருக்கலாம். கருச்சிதைவுக்குப் பின் சில வாரங்கள் எச்.சி.ஜி. நீடிக்கும். அரிதாகச் சினைப்பைக் கட்டிகள் சிலவும் எச்.சி.ஜி. சுரக்கும். அந்த வகைக் கட்டிகள் இளம் வயதிலேயே வருபவை என்பதால் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ரத்தத்தில் பாசிட்டிவ், சிறுநீரில் நெகட்டிவ் என்று முரண்பட்டால், ரத்தத்தில் உள்ள குறுக்கிடும் எதிர்ப்பொருள் காரணமாக இருக்கலாம். அது சிறுநீருக்குள் போவதில்லை.

படி 8: பாசிட்டிவ் என்றால் கரு எங்கே இருக்கிறது?

வலியோ ரத்தப்போக்கோ மயக்கமோ இருந்தால் இதுதான் அடுத்த கேள்வி. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகின்றன. எச்.சி.ஜி. குறைவாக இருக்கிறதே என்று ஸ்கேனைத் தள்ளாதீர்கள், குறைந்த அளவிலும் குழாய் வெடிக்கும். அளவு 3500-ஐத் தாண்டியும் கருப்பைக்குள் எதுவும் தெரியாவிட்டால் ஆபத்து மணி அடித்துவிட்டது. அதற்குக் கீழே, நிலை சீராக இருந்தால், 48 மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வயிற்றின் மேலிருந்து ஸ்கேன் பாருங்கள். பிறப்புறுப்பு வழி ஸ்கேன் தேவைப்பட்டால் கருவியைக் காட்டி, விளக்கி, தனியே சம்மதம் கேளுங்கள்.

ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்று வந்து ரத்தப்போக்கும் இருந்தால், ஆன்டி-டி ஊசி (கருவின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது) வேண்டுமா என்பதை 72 மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். ரத்த அழுத்தத்தைக் கட்டாயம் பாருங்கள், பதின்வயதுக் கர்ப்பத்தில் முன்சூல்வலிப்பு (ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போகக்கூடிய கர்ப்பக் கோளாறு) கூடுதலாக வருகிறது. பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரைகூட வலிப்பு வரலாம், அப்போது எச்.சி.ஜி. நெகட்டிவாகவும் இருக்கலாம்.

முடிவைச் சொல்வது எப்படி?

ஒருமுறை நான் பணியில் இருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கமிருந்து "சார், மூணாவது கட்டில் பாசிட்டிவ்" என்று ஒரு குரல் வந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அவசரத்தில் வந்த வார்த்தை. மூன்றாவது கட்டிலில் இருந்த பெண் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் முடிவைச் சீட்டில் எழுதி மடித்துக் கையில் கொடுக்கிறோம்.

முதலில் அவளுக்கு, தனியாக, உட்கார்ந்து சொல்லுங்கள். "டெஸ்ட் பாசிட்டிவ். நீ கர்ப்பமா இருக்கேம்மா." அவ்வளவு போதும். பிறகு பேசாமல் இருங்கள். அழுவாள், சிரிப்பாள், கல்லாக உட்கார்ந்திருப்பாள், எதுவும் நடக்கலாம். வாழ்த்தும் வேண்டாம், "இந்த வயசுல இப்படியா" என்ற பெருமூச்சும் வேண்டாம். நிதானம் வந்தபின் "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்றும் கேளுங்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டியிருந்தால், அவளே சொல்கிறாளா, நீங்கள் சொல்லி அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று அவள் முடிவெடுக்கட்டும். பெரும்பாலான பெண்கள் துணைக்கு ஒரு பெரியவரை விரும்புவார்கள், தேர்வு அவளுடையதாக இருந்தால் சரி. தொடர்வதோ கலைப்பதோ, உங்கள் இடத்துச் சட்டம் அனுமதிக்கும் வழிகளை ஒளிக்காமல் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் நாள் குறித்துக் கொடுங்கள்.

படி 9: மணிக்கணக்கு ஓடும் மருந்துகள்

நெகட்டிவ் என்று வந்து, சமீபத்தில் பாதுகாப்பற்ற உடலுறவு நடந்திருந்தால், அவசரக் கருத்தடைக்கு இன்னும் நேரம் இருக்கலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், முந்தினால் நல்லது. யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராமுக்கும் காப்பர்-டிக்கும் 120 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. வன்முறை நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இதோடு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, பால்வினைத் தொற்றுக்கான சிகிச்சை, தடய சேகரிப்பு, சட்டப்படியான புகார், மனநல ஆலோசகர் எல்லாம் உண்டு. புகார் கொடுக்கும் முன் அவளிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்தோம் அல்லவா, அதை இங்கே காப்பாற்றுங்கள்.

படி 10: காகிதமும் போனும்

வாய் மூடியிருந்தாலும் காகிதம் பேசிவிடும். டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆய்வகக் குறுஞ்செய்தி, பில்லில் வரும் பரிசோதனைப் பெயர், பெற்றோர் கையில் இருக்கும் ஆன்லைன் பதிவேடு ஆகியவை வழியாக முடிவு அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேரலாம். எதை மறைக்க முடியும், எதை முடியாது என்று உங்கள் பதிவேட்டுப் பிரிவிடம் கேட்டுவைத்து, முடியாததை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அனுப்பும்போது எப்போது திரும்பி வர வேண்டும் என்று வாயால் சொல்லி, அவளையே திருப்பிச் சொல்ல வையுங்கள்: வலி கூடினால், தோள்பட்டை வலித்தால், தலை சுற்றினால், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கினுக்கு மேல் நனைந்தால் உடனே வர வேண்டும். நெகட்டிவ் வந்தவளுக்கு மறு பரிசோதனைத் தேதி வேண்டும். கர்ப்பத்தைத் தொடர நினைப்பவளுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கலாம். ரத்த முடிவு வர நேரமாகும் என்றால் அவளுடைய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் போனை வேறு யார் எடுப்பார்கள், எந்த நேரத்தில் அழைத்தால் தனியாக இருப்பாள், வேறு யாராவது எடுத்தால் நாம் யார் என்று சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அழைக்கப் போவது அடுத்த ஷிப்டில் வருகிற, அவளைப் பார்த்தே இராத யாரோ ஒருவராக இருக்கும்.